கடலையெண்ணெய்க்கு ஆற்றிய தலைமையுரை

செண்பகனூர் ஆக்னலுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அரசாங்க அறிவிப்பு எது கண்ணில் பட்டாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிடுவார். படித்ததோடு விட்டால் பரவாயில்லை, அதன்படி நடக்கவும் செய்வார். இந்த வியாதிக்கு இருபது வருஷமாக வைத்தியம் பார்த்துக் களைத்துப்போனவள் அவருடைய மனைவி ஃபெமினா.

பள்ளிக்கூடம் ஒன்றில் இயற்பியல் ஆய்வக உதவியாளர் வேலை அவருக்கு. மற்ற நேரமெல்லாம் வயர்லெஸ். முறையாகப் பரீட்சை எழுதி, மத்திய அரசின் அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கி, தன் கையால் செட்டு செய்து காற்றில் பேசுவார். கடையில் செட்டு வாங்கிப் பேசுகிறவர்கள் உண்டு. ஆக்னல் அந்த ரகம் இல்லை. பழைய டிவி போர்டிலிருந்து உருவிய சாமான், கையால் சுற்றிய காயில், பேக்கரிக்காரர் ஓட்டை என்று தூக்கிப்போட்ட ரொட்டி டின், இவ்வளவுதான் அவருடைய தொழிற்சாலை. மொத்த செட்டும் ரொட்டி டின்னுக்குள் அடங்கிவிடும், பேட்டரியில் ஓடும். ஐந்து வாட் சக்தி. ராத்திரி விளக்கு எரியக் காணும், அவ்வளவே. ஆனால் வானம் சரியாக இருந்தால் அந்த ஐந்து வாட் ஆயிரம் மைல் போகும்.

இந்த விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போனதற்குக் காரணம் போளூர். கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரும் தாண்டி மலைக்குள் கிடக்கிற ஊர் அது. பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும். ஐப்பசி மழைக்கு ரோடு அறுந்தால் கரண்டும் போகும், கரண்டு போனால் செல்போன் டவரும் படுத்துவிடும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு மழையில் பொன்னுவேல் என்கிற விவசாயிக்கு நெஞ்சுவலி வந்தது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஊர்க்காரர்கள் நடந்தார்கள். கீழே ஒருத்தருக்குச் சொல்லியிருந்தால் மண்சரிவுக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்து நின்றிருக்கும். சொல்ல வழியில்லை. சரிவுக்கு இந்தப் பக்கமே பொன்னுவேல் செத்துப்போனார்.

அவருடைய மனைவி ஜோதிமணி அங்கன்வாடி ஊழியர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் பஸ் பிடித்து வந்து ஆக்னல் வீட்டு வாசலில் நின்றாள்.

"டவர் இல்லாமப் பேசுற ஆளு நீங்கதானாண்ணே? எனக்கும் அது வேணும்" என்றாள்.

எட்டு மாதம் படித்தாள், பரீட்சையில் தேறினாள், உரிமம் வாங்கினாள். ஆக்னல் இரண்டாவது ரொட்டி டின்னில் அவளுக்கு ஒரு செட்டு செய்தார். நடுவில் மலை நிற்பதால் நேருக்கு நேர் பேச முடியாது. அலையை வானத்துக்கு அனுப்பி, அது திரும்பி வந்து மலைக்கு அந்தப் பக்கம் விழ வேண்டும். அதற்கு ஏரியல் கம்பியைத் தாழ்வாக, இந்தப் பக்கம் பத்து மீட்டர், அந்தப் பக்கம் பத்து மீட்டர் என்று அளந்து கட்ட வேண்டும். ஜோதிமணியிடம் டேப் கிடையாது. "ரெண்டு சேலை நீளம், அதுல ரெண்டு முழம் கம்மி. சரியா இருக்கான்னு பாருங்க" என்றாள். ஆக்னல் போய் அளந்து பார்த்தார். ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை. அன்றிலிருந்து அவருடைய நோட்டுப்புத்தகத்தில் சூத்திரத்துக்குப் பக்கத்தில் சேலைக் கணக்கும் ஏறியது.

தினமும் காலை ஆறரை மணிக்கு இருவரும் பேசினார்கள். போன வருஷ மழையில் ஒன்பது நாள் டவர் கிடையாது. ஒன்பது நாளும் போளூரின் குரல் செண்பகனூருக்கு வந்தது. மூன்று பேரை உசிரோடு கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இப்படிக் காரியம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால் யாருக்காவது பொறுக்குமா? வாரியம் பிறந்தது.

மலைவட்டார அவசரத் தகவல் தொடர்பு ஒருங்கிணைப்பு வாரியம் என்று முழுப்பெயர். ஏரி தெரிகிற பங்களா ஒன்றில் குடியேறியது. தலைவர், உறுப்பினர் செயலர், ஆலோசகர்கள், அவர்களுக்கு ஜீப்புகள், ஜீப்புகளுக்குக் கொட்டகை எல்லாம் வந்தன. தகவல் தொடர்புச் சாதனம் என்று வாரியத்திடம் இருந்தது வாசல் காலிங்பெல் ஒன்றுதான். அதுவும் வேலை செய்யாததால், கதவைத் தட்டவும் என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

வாரியத்தின் முதல் அறிவிப்பு, மலையில் உள்ள எல்லா வயர்லெஸ் கருவிகளையும் முப்பது நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது. ஆக்னல் அதை இரண்டு தடவை படித்தார்.

"டெல்லி லைசென்ஸ் இருக்குல்ல? பேசாம இருங்க. வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்காதீங்க" என்றாள் ஃபெமினா.

ஆக்னல் கேட்கவில்லை. தன் செட்டைத் துணிப்பையில் போட்டார். ஜோதிமணியையும் அவள் செட்டைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொன்னார். கூடவே ஒரு பழைய தைல டப்பாவையும் எடுத்துக்கொண்டார். கதையே இந்த டப்பாவில்தான் இருக்கிறது என்பதால் அதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஏரியல் இல்லாமல் பேசினால் செட்டு கெட்டுப்போகும். அதனால் சோதித்துப் பார்க்கும்போது ஏரியலுக்குப் பதிலாக இந்த டப்பாவை மாட்டுவார்கள். உள்ளே ஒரு ரெசிஸ்டரும், அது சுடாமல் இருக்கக் கடலையெண்ணெயும் இருக்கும். செட்டு கக்குகிற சக்தி முழுக்க எண்ணெயைச் சூடாக்கிவிட்டு அங்கேயே செத்துப்போகும். காற்றில் ஒரு சொட்டும் கலக்காது. பேசுகிறவன் ஆயுசுபூரா பேசலாம், அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது.

வாரியத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவள் ஜெயப்பிரியா, ஒப்பந்த ஊழியர். நல்ல பெண். கம்பெனி பெயர் கேட்டாள். கம்பெனி இல்லை, நானே செய்தது என்றார் ஆக்னல். மாடல் நம்பர் கேட்டாள். ரொட்டி டின்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நானூறு கிராம் என்று போட்டிருக்கிறது என்றார். அவள் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். கருவி வந்த வழி என்கிற கட்டத்தில் மூன்றே வாய்ப்புகள் இருந்தன: இறக்குமதி, உள்நாட்டு நிறுவனம், கைப்பற்றப்பட்டது. மனிதன் தானே ஒன்றைச் செய்வான் என்று அந்தத் திரையை வடித்தவருக்குத் தோன்றவே இல்லை.

"மூணாவது ஒண்ணுலதான் சார் கம்பெனி பேரு கேக்காது. உங்க சவுகரியத்துக்கு அதையே போட்டுடவா?" என்றாள்.

ஆக்னல் நன்றி சொன்னார். இரண்டு செட்டுக்கும் ரசீது வந்தது. வாங்கிக்கொண்டு பைக்குள் செட்டை வைக்கப்போனபோது காவலாளி தடுத்தான். கைப்பற்றப்பட்ட பொருளைக் கைப்பற்றப்பட்டவரிடமே கொடுக்க விதியில் இடமில்லை. யார் கைப்பற்றினார்கள் என்று ஆக்னல் கேட்டார். ரசீதைப் பார்த்துச் சொன்னார்கள்: விண்ணப்பதாரர் ஆக்னல்.

இப்படித் தன்னிடமிருந்து தானே கைப்பற்றிய பொருளை மீட்க அவர் ஒரு மாதம் அலைந்தார். ஆவணி பிறந்துவிட்டது. மழைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது, போளூரில் குரல் இல்லை. காலை ஆறரைக்கு எழுந்து வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஃபெமினா காபியை டொக்கென்று வைத்துவிட்டுப் போவாள்.

கடைசியில் உறுப்பினர் செயலர் சேனாதிபதியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சிவந்த, சவரம் செய்து மழுமழுத்த முகம். செட்டு வேலை செய்கிறது என்று சான்று இருந்தால் விடுவிக்கலாம் என்றார். சான்று வாங்கப் பேசிக் காட்ட வேண்டும். பதிவாகாத செட்டில் பேசுவது குற்றம். இதைச் சொல்லிவிட்டு, ஒரு கோட்டை கட்டி முடித்தவரைப் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அந்த நேரத்தில்தான் ஆக்னலுக்குப் புத்தி வேலை செய்தது. அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம் என்று அப்புறம் பல நாள் நினைத்துக்கொண்டார். பையிலிருந்து தைல டப்பாவை எடுத்தார், மேஜைமேல் கொண்டுவந்து வைத்திருந்த தன் செட்டில் ஏரியல் மாட்டும் இடத்தில் மாட்டினார், மைக்கில் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணினார். மீட்டரில் முள் எழுந்து ஆடியது.

"இப்ப நீங்க பேசினது வெளியே போச்சா?" என்றார் சேனாதிபதி.

"போகாதுங்கய்யா. எல்லாம் எண்ணெயிலயே அடங்கிரும்."

"எவனுக்கும் கேக்காது?"

"கேக்காதுங்கய்யா."

"ஆனா முள்ளு ஆடுது."

"ஆடுங்கய்யா."

சேனாதிபதி எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் மிஸ்டர் ஆக்னல். எத்தனை ஆபீஸ். எங்க போனாலும் ஒரே தலைவலி. நாம ஒண்ணு சொல்லுவோம், அது வெளியே போயிடும். வெளியே போனா எவனாவது கேப்பான். கேட்டா பதில் சொல்வான். பதில் வந்தா ஃபைல் ஓபன் ஆகும். ஒரு டிபார்ட்மென்ட் நிம்மதியா இயங்க என்ன வேணுமோ, அதைத்தான் நீங்க டப்பால புடிச்சு வச்சிருக்கீங்க."

ஆக்னல் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார். அப்படியும் ஒரு அப்பாவி.

ஆவணி கடைசியில் வாரியத்தின் தொடக்க விழா. மேலிடத்திலிருந்து வந்த தலைமை விருந்தினர் மேடையிலிருந்து போளூர் மக்களோடு வயர்லெஸ்ஸில் பேசுவார் என்று பேனர் கட்டியிருந்தார்கள். மேடையில் ஆக்னலின் ரொட்டி டின், அதற்குப் பட்டுத்துணி, பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்த தைல டப்பா. ஏரியல் இல்லையே என்றார் ஆக்னல். பதிவு முடியாத செட்டில் ஏரியலை மாட்டி, மேலிடத்தையே குற்றவாளி ஆக்கச் சொல்கிறீர்களா என்று சேனாதிபதி சிரித்தார். போளூர் செட்டும் இங்கேதானே பெட்டிக்குள் இருக்கிறது என்று ஆக்னல் விடாமல் கேட்டார். அதற்குத்தான் ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று பதில் வந்தது.

ஏற்பாடு இதுதான். முந்தின வாரம் ஜோதிமணியை வரவழைத்து, சோதனைக்கு என்று சொல்லி, ஒரு வாக்கியத்தைப் பேச வைத்து செல்போனில் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்குச் சாதனைப் பெண் என்று சால்வை போர்த்த அவளையே ஜீப் அனுப்பிக் கூட்டிவந்து இரண்டாவது வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

தலைமை விருந்தினர் மைக்கைப் பிடித்து நாற்பது நிமிஷம் பேசினார். மலைக்கும் மடுவுக்கும் பாலம் போட்டோம் என்றார். இனி இந்த மலையில் ஒரு குழந்தை அழுதாலும் கோட்டையில் கேட்கும் என்றார். ஆக்னல் டப்பாவுக்குப் பொறுப்பாளர் என்பதால் அதன்மேல் கை வைத்தபடி நின்றார். இருபதாவது நிமிஷத்தில் எண்ணெய் லேசாக வெதுவெதுத்தது. அந்த உரையால் உலகத்தில் நடந்த ஒரே மாற்றம் அதுதான்.

உரை முடிந்ததும் திரைக்குப் பின்னாலிருந்து கரகரவென்று பதில் வந்தது. "போளூர் பேசுகிறேன். தங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது. நன்றி."

மண்டபம் கைதட்டியது. தலைமை விருந்தினருக்கு உற்சாகம் தாங்கவில்லை. எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டு, அங்கே மழை உண்டாம்மா, பிள்ளைகுட்டிகள் சவுக்கியமா என்று கேட்டுவிட்டார். திரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் உருட்டல் சத்தம். பிறகு, "போளூர் பேசுகிறேன். தங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது. நன்றி." இந்தத் தடவை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. அடக்கமான ஊர் என்று தலைமை விருந்தினர் மெச்சினார்.

ஜோதிமணி மடியில் கிடந்த சால்வையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். விழா முடிந்து வாசலில் ஆக்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இங்கன இருக்கேன். அங்கன பேசுறது யாருண்ணே?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஆக்னல் பேச்சை மாற்றினார்.

விழாவின் வெற்றிக்குப் பிறகு வாரியம் வேகம் எடுத்தது. எண்ணெய் டப்பா இனி அங்கீகரிக்கப்பட்ட உபகரணம் என்று சுற்றறிக்கை வந்தது. போளூர் செட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், டப்பாவை மாட்டி அரக்கு சீல் வைத்து. வந்த ஜீப்பே அங்கிருந்த ஏரியல் கம்பியை அனுமதியற்ற கட்டுமானம் என்று சுருட்டி எடுத்துப்போனது. ஆக்னலின் செட்டு முன்மாதிரி என்று வாரிய அலுவலகத்திலேயே தங்கிவிட்டது. இனி அனுமதியில்லாமல் எந்தக் கருவியும் செய்ய மாட்டேன் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரத்தை நீட்டினார்கள். ஆக்னல் முழுவதும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பிற மலைக்கிராமங்கள் பதினொன்றுக்கும் வாரியம் டப்பா வழங்கியது. செட்டு அடுத்த கட்டத்தில் வருமாம், இப்போதைக்கு டப்பா. உள்ளே ரெசிஸ்டரும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஒரு ஊரில் அதில் உப்பு போட்டு வைத்திருப்பதாகக் கேள்வி. திங்கள்தோறும் காலை பத்து மணிக்கு வாரியம் எல்லா ஊர்களையும் அழைக்கும், ஊர்கள் டப்பா முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும், ஜெயப்பிரியா பதிவேட்டில் நலம் என்று எழுத வேண்டும். வாரியத்தின் செட்டிலும் டப்பாதான் மாட்டியிருந்தது. நாமாவது ஏரியல் வைத்துக்கொண்டால் என்ன என்று ஆக்னல் கேட்டதற்கு, விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார் சேனாதிபதி. நேர்மையான மனுஷன். ஊரைச் செவிடாக்குவதற்கு முன்னால் தன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டார்.

ஆக்னலைத் தொழில்நுட்ப ஆலோசகர் என்று திங்கள்தோறும் வரச்சொன்னார்கள். அவரும் பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு போனார். செவிடன் காதில் சங்கு ஊதுவதற்கு ஆலோசகர்.

ஐப்பசி மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. போளூர்ப் பக்கம் டவர் போனது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஜெயப்பிரியா மைக்கில், போளூர், போளூர் என்று கூப்பிட்டாள். முள் ஆடியது. ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல்கூட இல்லை. விதிப்படி ஒரு நிமிஷம் பொறுத்தார்கள். ஆக்னல் வழக்கம்போல டப்பாவின்மேல் கை வைத்திருந்தார். ஜெயப்பிரியா எழுதினாள்: போளூர், பத்து மணி, நலம்.

அதே பத்து மணிக்குப் போளூரில் நடந்தது இது. வெள்ளனே பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பிய முருகவேலின் ஜீப்பை ஊருக்கு வெளியே மண் சரிந்து கவிழ்த்துவிட்டது. வலதுகால் பாறைக்கடியில் மாட்டிக்கொண்டது. பத்துப் பேர் சேர்ந்தும் பாறையை அசைக்க முடியவில்லை. ஜோதிமணி வீட்டுக்கு ஓடி, அரக்கு சீலை அரிவாளால் தட்டி உடைத்து, டப்பாவைக் கழற்றி எறிந்தாள். செட்டு இருந்தது, ஏரியல் இல்லை. கிழங்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுமாடு வராமல் இருக்கப் போட்டிருந்த சோலார் வேலிதான் கண்ணில் பட்டது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கொட்டுகிற மழையில் கொடியிலிருந்து இரண்டு சேலையை உருவி வேலியோரம் விரித்து அளந்தாள். இரண்டு சேலை, அதில் இரண்டு முழம் கம்மி. இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. நடுவில் செட்டை மாட்டி, குடையைப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கூப்பிட ஆரம்பித்தாள். அளந்து, வெட்டி, கட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பழைய ஏரியல் இருந்திருந்தால் ஒரு நிமிஷச் சோலி.

அவள் செண்பகனூரைக் கூப்பிட்டாள். கொடைக்கானலைக் கூப்பிட்டாள். வாரியத்தின் செட்டு அதே அலைவரிசையில், மற்ற ஊர்களை அழைத்தபடி, முள்ளாட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் மலைக்குக் கீழே ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில், கமிஷன் மண்டி மாடியில் செட்டு வைத்திருக்கும் திருமலைச்சாமிக்குக் கேட்டது. தக்காளி ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவர் ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் போன் போட்டார். பிறகு ஆக்னலின் செல்போனுக்கு அடித்தார். ஆக்னல் அப்போதும் டப்பாவின்மேல்தான் கை வைத்திருந்தார்.

சாயங்காலத்துக்குள் முருகவேலைக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். உசிர் தங்கியது. வலது பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக ஃபெமினாதான் விசாரித்து வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக்னலுக்குத் தன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

விஷயம் இதோடு அடங்கியிருக்கும். வாரியத்துக்கு எதுவும் கேட்காது. ஆனால் வயர்லெஸ்காரர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. ஒருவர் குரலை முதல்முறையாகக் கேட்டால், கேட்டேன் என்று ஒரு அட்டை எழுதிப்போட வேண்டும். உலகம் முழுக்க அந்த வழக்கம். திருமலைச்சாமி முறை தவறாத மனுஷன். தேதி, மணி, அலைவரிசை எல்லாம் எழுதி, குரல் மெல்லிசாக இருந்தது, சொல் அத்தனையும் புரிந்தது என்று குறித்து, அடியில், அவர் பிழைத்தாரா என்று ஒரு வரியும் சேர்த்துத் தபாலில் போட்டார். போளூர் நிலையத்தின் பதிவு முகவரி இப்போது வாரியம். அட்டை நேராக சேனாதிபதியின் மேஜைக்கு வந்தது.

மூன்றாம் நாள் ஜோதிமணிக்கும் ஆக்னலுக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ். விசாரணை நாளில் முருகவேலும் ஊன்றுகோல் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் எந்தத் தரப்புச் சாட்சி என்று ஜெயப்பிரியா கேட்டாள். சாட்சி இல்ல, அடிபட்ட ஆளே நான்தான், என்றார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

சேனாதிபதி கோபப்படவில்லை. வருத்தத்தோடுதான் பேசினார்.

"மூணு சார்ஜ் அம்மா. சீலை உடைச்சது ஒண்ணு. போகட்டும். வேலிக்கம்பியை ஏரியலாப் பயன்படுத்தினது ரெண்டு. அதுவும் போகட்டும். மூணாவதுதான் எனக்குத் தாங்கல. நீங்க பேசினது இன்னொருத்தருக்குக் கேட்டிருக்கு. டாக்குமென்ட்ரி எவிடன்ஸ் இருக்கு." அட்டையைத் தூக்கிக் காட்டினார். "அன்னிக்குப் பத்து மணிக்குப் போளூர் நலம்னு எங்க பதிவேடு சொல்லுது. நலமில்லைன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. அரசாங்கப் பதிவேடு பொய் சொல்லுமா?"

"வெளியே பெஞ்சில முருகவேல் இருக்காருங்கய்யா" என்றார் ஆக்னல்.

"அவர் காலைப் பத்தி ரெக்கார்டுல ஒண்ணும் இல்லை."

ஜோதிமணி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயருக்கு வந்த முதல் அட்டை அது.

"எம் புருசன் செத்தப்ப நாங்க கத்தினது ஒருத்தருக்கும் கேக்கல" என்றாள். "அதுக்கு யாரும் யாருக்கும் நோட்டீஸ் குடுக்கலீங்க. இப்பக் கேட்டுப்போச்சுன்னு குடுக்கிறீங்க. அந்த அட்டைய எங்கிட்டக் குடுத்துருங்க, நான் போறேன்."

அட்டை கைப்பற்றப்பட்டது என்றார் சேனாதிபதி. செட்டும் கைப்பற்றப்பட்டது. ஜோதிமணியின் உரிமத்தை ரத்து செய்யப் பரிந்துரை போகிறது. ஆக்னலுக்குப் புதிதாக ஒரு உறுதிமொழிப் பத்திரம். ஆட்சேபணை இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட உபகரணம் வழியாக இப்போதே தெரிவிக்கலாம், பதிவு செய்யப்படும் என்று வெள்ளை டப்பா மாட்டிய செட்டைக் கையால் காட்டினார். கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படி ஒரு விதி இருந்தது.

ஆக்னல் எழுந்து போய் மைக்கை எடுத்தார். நாற்பத்தெட்டு வருஷமாக ஒருத்தரையும் ஏலே என்றுகூடக் கூப்பிட்டிராத மனுஷன். வாரியம், அதன் தலைவர், செயலர், அவருடைய இருபத்தெட்டு வருஷ சர்வீஸ், டப்பா, அதன்மேல் இத்தனை நாள் கை வைத்துக்கொண்டு நின்ற தன் புத்தி என்று ஒருத்தரையும் விடாமல் மதுரைப் பக்கத்து மாட்டுச்சந்தையில்கூடக் கேட்க முடியாத பாஷையில் வாழ்த்தினார். அவர் சொன்னதை இங்கே எழுதினால் அச்சுக்கோப்பவர் வேலையை விட்டுவிடுவார். முள் அன்றைக்கு ஆடியதுபோல் என்றும் ஆடியதில்லை.

சேனாதிபதிக்கு நாலடி தூரம்தான். எல்லாம் கேட்டது. ஆனால் அது டப்பாவுக்குள் போன பேச்சு, அலுவல்முறையில் அவருக்குக் கேட்டிருக்கக் கூடாது. முகம் செக்கச் சிவந்தபடி கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஜெயப்பிரியா பதிவேட்டில் எழுதினாள். சிரிப்பை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா என்று தெரியவில்லை. செண்பகனூர் ஆக்னல், பெறப்பட்டது, நலம்.

உறுதிமொழிப் பத்திரத்தை ஆக்னல் வாங்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அரசாங்கக் காகிதத்தைப் படிக்காமல் நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். வாசலில் முருகவேலைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றும்போது ஜோதிமணியிடம், வேலிக்கம்பியில் வெட்டின இடத்தை ஒட்ட வைத்துவிட்டாளா என்று கேட்டார்.

"இல்லண்ணே. அப்படியேதான் கெடக்கு. காட்டுமாட்டுக்கு வேற கம்பி போட்டாச்சு."

"அது கெடக்கட்டும்" என்றார். இறங்குகிற வழியில் பேக்கரியில் நின்று, ஓட்டை விழுந்த ரொட்டி டின் இரண்டு கேட்டு வாங்கினார். மேஜையில் டின் ஆடாமல் இருக்க அடியில் வைப்பதற்கு அந்தப் பத்திரம் அளவெடுத்தாற்போல் இருந்தது. ஃபெமினா அன்று காபியைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

பத்து நாள் கழித்துக் காலை ஆறரைக்குப் போளூரின் குரல் வந்தது. அப்புறம் தினமும் வந்தது. திருமலைச்சாமிக்கும் கேட்கிறது. கடல் தாண்டி யார் யாருக்கோ கேட்கிறது. முருகவேல் இப்போது அந்தச் செட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறார், ஜீப் ஓட்ட முடியாததால். உரிமத்தை ரத்து செய்யச் சொல்லும் பரிந்துரையை வாரியம் தன் வயர்லெஸ் மூலமாகவே டெல்லிக்கு அனுப்பியது. இன்னும் போய்ச் சேரவில்லை.

பங்குனியில் வாரியத்தின் ஆண்டறிக்கை வழவழத்தாளில் வந்தது. அட்டையில் வெள்ளை டப்பா. பத்தாம் பக்கத்தில் சாதனைகள் என்ற தலைப்பின் கீழ் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: இந்த ஆண்டு முழுவதும் மலையிலிருந்து உதவி கோரி ஒரு குரல்கூட வாரியத்துக்குக் கேட்கவில்லை.